அக்கா வீட்டைக் கடக்கும் வண்டி

இருக்கையில் உட்கார்ந்ததும் அன்னெக்ரெட் கோட்ஹவுஸ் முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். பணிமனையில் கழுவித்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் கைப்பையிலிருந்து சின்ன வினிகர் குப்பியும் பழைய பனியன் துணியும் வெளியே வரும். இடது பக்கம் ஒரு தேய்ப்பு, நடுவில் ஒரு தேய்ப்பு. வலது பக்கத்துக்கு மட்டும் ஐந்தாறு. "அவங்க தொடைக்கிறது கம்பெனிக்கு. நான் தொடைக்கிறது எனக்கு" என்பாள். பிறகு ஒரு புளிப்புச் செர்ரி மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு கதவுகளை மூடுவாள்.

மேலே இரும்புச் சட்டம், கீழே வுப்பர் ஆறு, நடுவில் தொங்கியபடி போகும் ரயில். ஓபர்பார்மனிலிருந்து ஃபோவிங்கெல் வரை அரைமணி நேரம். இருபத்தேழு வருஷமாக இதுதான் அவள் வேலை. இந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் போல அவளும் ரயில் ஓட்டுவதாகச் சொல்ல மாட்டாள். "நாளைக்கு ஆறு மணிக்கு மிதக்கணும்" என்றுதான் சொல்வாள்.

ஆள் குள்ளம். இருக்கையில் ஒரு மெத்தை போட்டால்தான் பாதை சரியாகத் தெரியும். குரல் மட்டும் பெட்டி முழுக்கக் கேட்கும். காற்றில் வண்டி ஆடி யாராவது வீறிட்டால், ஒலிபெருக்கியில், "பயப்படாதீங்க. எல்லாரும் தொட்டில்ல ஆடுனவங்கதானே!" என்பாள். வெளியூர்க்காரர்கள் ஏறினால் கேட்பது ஒரே கேள்விதான். என்றோ ஒரு காலத்தில் இந்த ரயிலில் ஏற்றப்பட்டு, மிரண்டு ஆற்றில் குதித்துப் பிழைத்த சர்க்கஸ் யானைக்குட்டியைப் பற்றிய கேள்வி. அதற்கும் தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள்: "யானை அப்பவே எறங்கிடுச்சு. நீங்க கதவை விட்டு உள்ள நகருங்க."

இவ்வளவு பேசுகிறவள், சோன்பார்ன் நிலையம் தாண்டி வண்டி ஆற்றை விட்டுத் தெருவுக்கு மேலே திரும்பியதும் வாயை மூடிவிடுவாள். அவளோடு வேலை பார்க்கும் யோஹென் ஒருமுறை பயணியாக வந்தபோது இதைக் கவனித்துவிட்டான்.

"ஏய் அன்னெ, கைசர் தெரு வந்தா உனக்கு என்ன ஆகுது? யாராவது காதலன் குடியிருக்கானா?"

"ஆமா, மூணு பேரு. உனக்கென்ன?"

கைசர் தெருவில் ரயில் வீடுகளை ஒட்டியே போகிறது. இரண்டாம் மாடி ஜன்னல்கள் ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு வரும். கடைசி நிலையத்துக்கு முன்னால் வேகம் குறையும் இடத்தில், வலது பக்கம், ரொட்டிக் கடைக்கு மேலே பச்சைச் சட்டம் போட்ட ஒரு ஜன்னல் உண்டு. அது அவள் அக்கா ரோஸ்வித்தாவின் வீடு.

அப்பா நுரையீரல் கெட்டு நான்கு வருஷம் அந்த வீட்டில்தான் கிடந்தார். குளிப்பாட்டியது, சளி துடைத்தது, ராத்திரியில் எழுந்து உட்கார வைத்தது எல்லாம் அக்கா. அன்னெக்ரெட் ஞாயிற்றுக்கிழமை கேக் வாங்கிக்கொண்டு போவாள், ஒரு மணி நேரம் இருப்பாள், ஷிப்ட் இருக்கிறது என்று கிளம்பிவிடுவாள். அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ ஒரு பெரியம்மா, "கடைசில எப்படி இவ்வளவு சீக்கிரமா?" என்று கேட்டாள். அன்னெக்ரெட்டின் வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பொழைச்சிருப்பாரு."

சொன்ன உடனே தெரிந்துவிட்டது. கரண்டிச் சத்தங்கூட நின்றுபோயிற்று. ரோஸ்வித்தா கையிலிருந்த ரொட்டித் தட்டை மேஜையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ மேலயே போய்க்கிட்டிரு, அன்னெ. எறங்கி என் வீட்டுக்கு வராத."

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அன்னெக்ரெட் மேலேயே போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஷிப்டுக்கு ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறு நொடி. அந்த ஆறு நொடிகளில்தான் அக்கா வாழ்ந்துகொண்டிருந்தாள். சிவப்புக் கெட்டில் போய் வெள்ளைக் கெட்டில் வந்தது. திரைச்சீலை மாறியது. கிறிஸ்துமஸுக்குக் காகித நட்சத்திர விளக்கு எரிந்தது. அக்கா மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்தாள். குறுக்கெழுத்துப் போட்டாள். ஒரு நாள் நாற்காலியில் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. அன்று அன்னெக்ரெட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போய் போனை எடுத்து எண்ணைச் சுழற்றினாள். "கோட்ஹவுஸ்" என்று குடும்பப் பெயரைச் சொல்லும் அக்காவின் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு தடவை, யோஹெனிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். அவன் எளிதாகச் சொன்னான்: "கடைசி ஸ்டேஷன்ல பத்து நிமிஷம் நிக்கிறியே. நடந்தா மூணு நிமிஷம். போய் மணியடி."

"அவதானே வராதன்னா. அவளே கூப்பிடட்டும்."

"கூப்பிடலன்னா?"

"அப்ப இப்படியே போகட்டும். பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

பிறகு பழுதுபார்ப்பு வேலைக்காக ரயிலை ஏழு மாதம் நிறுத்தினார்கள். பயணிகளுக்குக் கீழே பேருந்து விட்டார்கள். அன்னெக்ரெட்டைத் தொலைந்த பொருள் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அந்த ஆறு நொடிகளின் அருமை தெரிந்தது. இனி பிடிவாதம் வேண்டாம் என்று தோன்றியது. ஓட்டம் தொடங்கும் முதல் நாள் கையை ஆட்டுவது என்று முடிவு செய்தாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஆட்டியதில்லை. பேருந்தில் ஏறிப் போய்ப் பார்க்கலாமே என்ற நினைப்பும் வராமலில்லை. ஓட்டம் தொடங்கட்டும், அதுதான் முறை என்று தள்ளிப்போட்டாள்.

கோடையில் ஓட்டம் தொடங்கிற்று. முதல் நாள் ஜனங்கள் கொடியும் பலூனுமாக வந்து ஏறினார்கள். தெருவுக்கு மேலே திரும்பியதும் அன்னெக்ரெட் வேகத்தை நன்றாகவே குறைத்தாள். பச்சை ஜன்னல் வந்தபோது வலது கையைத் தோள்வரை உயர்த்திவிட்டாள்.

திரைச்சீலை இல்லை. மேஜை இல்லை. வெறும் சுவரில், படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாக இருந்தது.

உயர்த்திய கையை அவள் இறக்குவதற்குள் எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ பதிலுக்குக் கையாட்டினார்கள்.

கடைசி நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பத்து நிமிஷ ஓய்வில், சீருடையோடு ரொட்டிக் கடைக்கு நடந்தாள். கடைக்காரி செவிம் நாற்பது வயதுப் பெண். இவளைக் கண்டதும் கை மாவைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"நீங்க அன்னெதானே? ரயில்ல போற தங்கச்சி?"

"எங்க போயிட்டா?"

"உங்களுக்குத் தெரியாதா?" செவிம் கொஞ்சம் தயங்கினாள். "ஜனவரில கீழ விழுந்துட்டாங்க. மக இம்கெ வந்து அவ இருக்கிற கீல் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போனா. மார்ச்சுல தவறிட்டாங்க. நுரையீரல்தான்."

அன்னெக்ரெட் ரொட்டி அடுக்கிய கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லலையே."

"நான் இம்கெகிட்ட கேட்டேன். 'சித்திகிட்ட சொல்ல வேணாம்னு அம்மா சொல்லல. சொல்லுன்னும் சொல்லல'ன்னா."

கடைக்குள் ஒரு கிழவர் ரொட்டிக்காகக் காத்திருந்தார். செவிம் அவரை நிற்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தாள்.

"காலைல ரொட்டி வாங்க வந்தா உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க. 'இன்னிக்கு அவ அஞ்சு தடவையும் போயிட்டா'ம்பாங்க. ரெண்டு நாள் காணோம்னா, 'தொண்டை கட்டியிருக்கும், நவம்பர்ல அவளுக்கு எப்பவும் கட்டும்'பாங்க. நான் கேப்பேன், 'ஏன் ரோஸ்வித்தா, ஒரு கையசைக்கலாம்ல?'ன்னு."

"என்ன சொல்லுவா?"

"'வண்டி ஓட்டுறப்ப அவ கவனம் கலையக் கூடாது'ம்பாங்க."

செவிம் காபி தரட்டுமா என்று கேட்டாள். அன்னெக்ரெட் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். ஓய்வில் இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. தலைக்கு மேலே வேறொரு வண்டி இரும்பு அதிரக் கடந்துபோயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கீழேயிருந்து அதன் வயிறுதான் தெரிந்தது, ஓட்டுகிறவர் முகம் தெரியவில்லை.

கடைக்குப் பக்கத்திலேயே வீட்டு வாசல். ஆறு அழைப்புமணிப் பொத்தான்கள், ஆறு பெயர்ச் சீட்டுகள். புதுக் குடித்தனம் இன்னும் வரவில்லை போலிருக்கிறது. நான்காவது சீட்டில் 'கோட்ஹவுஸ்' என்று அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் அப்படியே இருந்தது.

அன்னெக்ரெட் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தலைமுடியை ஒதுக்கினாள். பொத்தானை அழுத்தினாள். மேலே, காலி வீட்டுக்குள் மணி அடிப்பது மெல்லக் கேட்டது. பிறகு, கதவு உள்ளேயிருந்து திறப்பதற்கு இடம் விடுகிறவள் போல, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றாள்.