அம்மாவின் தண்ணி பிளேன்

எண்பதுகளின் தொடக்கத்தில், பினாங்குப் பாலம் வருவதற்கு முன், நான் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். நங்கூரம் போட்ட கப்பல்களுக்குப் படகில் போய், கேப்டனிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும். பாதி நாள் கடல்மேல், மீதி நாள் அந்த ஆட்டத்தின் கிறக்கத்தில். அப்படித்தான் ஒரு நார்வேக் கப்பலின் எஞ்சினியர் பழக்கமானார். ஜெர்மன்காரன் அவர்கள் நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, அவருடைய அப்பா தண்ணீரிலேயே ஏறி இறங்கும் விமானம் ஒன்றில் தப்பி, ஸ்காட்லாந்துக்குக் கிளம்பினாராம். போனவர் போனவர்தான். கரை சேர்ந்தாரா என்று யாருக்கும் தெரியாது.

அந்த விமானப் பைத்தியம் எனக்கு ஏன் பிடித்தது என்று கேட்காதீர்கள். பிடித்துவிட்டது. நூலகத்தில் இருந்த போர்ப் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். நார்வே, டென்மார்க் கப்பல் எது வந்தாலும், வேலை முடிந்தும் இறங்காமல் கிழட்டு மாலுமிகளின் வாயைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். கீழே படகுக்காரர் மலாயில் திட்டுவார், நியாயமாகத்தான். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசையில் வடகடல் வரைபடம். காற்று எந்தப் பக்கம், எண்ணெய் எதுவரை தாங்கும், மூடுபனி எங்கே என்று பென்சிலால் கோடு போடுவேன். அதே மேசையின் மறுமுனையில் அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருப்பார்.

முதலில் கேலிதான். கல்யாண வயசும் தாண்டிய பிறகு பிள்ளை ஏரோப்பிளேனைக் கட்டிக்கொண்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தார். பிறகு, அந்தத் தண்ணி பிளேன்காரர் இன்றைக்கு எதுவரை வந்தார் என்று தினமும் கேட்க ஆரம்பித்தார். விமானம் இன்னும் பறந்துகொண்டிருப்பதுபோல நானும் பதில் சொல்வேன். பனி விலகிவிட்டது, எண்ணெய் போதும் என்று.

என் அப்பா கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஓர் எஸ்டேட்டில் டிரெசர், மருந்து கொடுப்பவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் காட்டில் தண்டவாளம் போட ஆள் பிடித்தபோது, அவரையும் பிறை ஸ்டேஷனில் ரயிலேற்றினார்கள். எனக்கு நடை பழகாத வயது. சண்டை முடிந்து சிலர் திரும்பினார்கள். அவர் வரவில்லை, செத்துப்போனார் என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை. அம்மா பொட்டை அழிக்கவில்லை. இறந்த நாள் தெரியாதவருக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுக்கலாம் என்று கோயில் ஐயர் சொன்னதற்கு, ஊருக்கெல்லாம் பொதுவான நாள் தனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார்.

ஒரு காலை, காப்பி ஆற்றிக்கொண்டே அம்மா கனவு ஒன்றைச் சொன்னார். எதிரும் புதிருமாகப் போகும் இரண்டு ஃபெரிப் படகுகளுக்கு நடுவில் தண்ணி பிளேன் வந்து சத்தமே இல்லாமல் இறங்குகிறது. கதவைத் திறந்து மருந்துப் பையோடு அப்பா வருகிறார். தண்ணீர்மேல் நடந்து வருகிறார்.

"கால்ல போட்ட சப்பாத்து நனையவே இல்லடா," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விமானம் கரை சேர்ந்தால்தான் அப்பாவும் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று அம்மா வைத்துக்கொண்டுவிட்டார். நானும் வேலை மெனக்கெட்டு அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த வருடம் எஞ்சினியரின் கப்பல் மறுபடி வந்தது. அவர்கள் ஊர்க் கரைக்குப் பக்கத்திலேயே ஒரு மீனவரின் வலையில் அந்த விமானத்தின் மிதவை சிக்கியதாம். கிளம்பிய அன்றே, பனிக்குள் விழுந்திருக்கிறது. எஞ்சினியரின் அம்மா அந்தத் தேதியில் கடலில் பூ போட்டாராம். ஒரு நாள் கிடைத்துவிட்டது, அது போதும் என்று சொல்லி, அந்த மனிதர் அழுதுகொண்டே சிரித்தார்.

திரும்பும் படகில் ஒரு பொய்யைத் தயார் செய்தேன்.

"இறங்கிட்டாரும்மா. ஸ்காட்லாந்துல."

அம்மா நெத்திலியிலிருந்து கண்ணெடுத்து என்னைப் பார்த்தார். "உனக்குப் பொய் வராதுடா. அவரு போனது எந்த நாளு, சொல்லு."

சொன்னேன். மறுநாளே கோயிலுக்குப் போய்ப் பழைய பஞ்சாங்கத்தில் பார்க்கச் சொல்லி, திதியைக் கேட்டு வந்தார். ஐப்பசித் தேய்பிறை சப்தமி. அதுதான் இனி அப்பாவின் திதி என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாருடைய நாளை யாருக்குக் கொடுப்பது, காட்டில் போனவருக்கும் கடலில் விழுந்தவருக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"எனக்கு யாருமே ஒரு நாள் சொல்லலடா. இது ஒரு பொம்பளைக்கு நெசமா கெடைச்ச நாளு. நானும் அதையே வச்சுக்கிறேன்."

ஐப்பசியில் அந்த நாள் வந்தது. தலைக்குக் குளித்துவிட்டு வந்த அம்மாவின் நெற்றி வெறுமையாக இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. தர்ப்பையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்திருந்தவர் புது ஐயர். அப்பாவின் பெயரைக் கேட்டார், சொன்னேன். எங்கே தவறினார் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சயாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பின்னாலிருந்து அம்மா, "கடல்ல," என்றார்.

ஐயர் தலையாட்டிவிட்டு என் கையில் எள்ளைப் போட்டார். நான் தண்ணீர் விட்டேன்.