கனகராஜின் வலது தோள்

கனகராஜ் பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் ஒரே கேள்விதான்: "டென்னிஸ் ஆடறீங்க, சரி. வேலை என்ன?" ஆட்டமே வேலை, அதுவும் இரட்டையர் ஆட்டம் மட்டும்தான் என்று விளக்கினால், பாவம், முழு மைதானமும் ஓட முடியாதவன் போல என்று முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்துவார்கள்.

ஆயர் தாவார் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து ஈப்போவில் வாடகை அறைக்கு வந்தவன். வயது முப்பத்து நாலு. இந்தத் தொழிலில் ஜோடி இருந்தால்தான் போட்டிக்குப் பேர் கொடுக்க முடியும். ஜோடி போனால் ஆளும் போனான். எட்டு வருஷமாக அவனுடைய ஜோடி சிவபிரகாசம், ஈப்போ செட்டியார் வீட்டுப் பிள்ளை.

டிசம்பரில் வலது தோளில் தசைநார் கிழிந்தது. எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். சிவா வேறு ஆள் தேடிவிடுவானே என்று கனகராஜ் அவனிடம் மூச்சு விடவில்லை. அம்மா காளியம்மாவிடம் சொன்னான். அது அதைவிடப் பெரிய தப்பு.

"தோளு சரியாகணும்னு நேந்துகிட்டேன்யா. தைப்பூசத்துக்கு நீ காவடி எடுக்குற."

"தோளே வலிக்குதும்மா. காவடிய எங்க வைக்கிறது?"

"தோள்லதான். வேற எங்க வைப்பாங்க?"

டாக்டரை மீறலாம், முருகனை மீற முடியுமா? கல்லுமலை முருகன் கோயிலுக்குத் தூக்கிப் போனான். வழியில் துள்ளித் துள்ளி ஆடினான். சாமி வந்துவிட்டதென்று கூட்டம் கும்பிட்டது, வீடியோவும் எடுத்தது. வந்தது வலி.

அடுத்த வாரம் தாய்லாந்தில் போட்டி. இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே நிற்பவன், பின்னால் நிற்கும் ஜோடிக்கு முதுகுக்குப் பின்னால் கையால் சைகை காட்டுவான். விரித்தால் குறுக்கே பாய்வான், மூடினால் நின்ற இடத்திலேயே நிற்பான். கனகராஜ் ஆட்டம் முழுக்க மூடிய கையையே காட்டினான். தலைக்கு மேல் வந்த பந்துகளை மரியாதையாக வழியனுப்பி வைத்தான். முதல் சுற்றிலேயே தோற்றார்கள்.

"எத்தனை நாளா மச்சான்?" என்றான் சிவா, உடைமாற்றும் அறையில்.

"டிசம்பர்லேர்ந்து."

"தோளு கோளாறுன்னு பசங்க சொன்னாங்க. உன் காவடி வீடியோவப் பார்த்துட்டுத்தான், சும்மா சொல்றானுங்கன்னு பேரு குடுத்தேன். எங்கிட்ட சொல்லியிருந்தா காத்திருந்திருப்பேன்லா." பையைத் தூக்கினான். "இனி தீபன்கூட ஆடறேன்."

காத்திருந்திருப்பானா என்பது சிவாவுக்கே தெரியாது. ஆனால் விட்டுப் போகிறவன் சொல்ல அது நல்ல வாக்கியம்.

கனகராஜ் தெரிந்த ஆட்டக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டான். எல்லாரும் அன்பாகப் பேசினார்கள். எல்லாருக்கும் ஜோடி இருந்தது. கடைசியில் ரூபன் எடுத்தான்.

"நான் ஆட்டத்த விட்டுட்டேன் மச்சான். வாடகைக் கார் ஓட்டுறேன். நீயும் வாரியா? ஜோடியெல்லாம் வேணாம்லா."

"தோளுக்கு ஒத்துவருமா?"

"ஓட்டுறதுக்கு ஒண்ணுமில்ல. ஏர்போர்ட்டு போற ஆளுங்க பெட்டியத்தான் தூக்கி வைக்கணும்."