வேப்பமரத்தடிக் கல்லும் பார் லைசென்சும்

எங்கள் மிலிட்டரி ஓட்டலில் மது பரிமாற லைசென்ஸ் கேட்டு என் வீட்டுக்காரர் மனுப் போட்ட விஷயத்தைப் பக்கத்து சைக்கிள் கடைக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு பெண்டாட்டிக்குத் தெரிவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் ஆச்சரியப்படவில்லை, கோபம் மட்டும்தான் வந்தது.

சித்தூரில் வேலூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்தது எங்கள் ஓட்டல். கறிக்குழம்பு, தலைக்கறி, களி, கீரைக் கடைசல். அவருக்குக் கணக்கும் வராது, கோபமும் வராது. எனக்கு இரண்டும் வரும். அதனால் சமையலுக்கு இரண்டு பெண்களை வைத்துவிட்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அந்த நாற்காலியின் அருமை எனக்கே தெரிந்தது.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, பிறகு எல்லைத் தகராறும் ஒரு வழியாகத் தீர்ந்ததில், தமிழ் பேசுகிற ஊர்களில் சில மெட்ராஸோடு அந்தப் பக்கம் போயின, சில ஆந்திராவோடு இந்தப் பக்கம் நின்றுவிட்டன. நின்றுவிட்ட ஊர்களிலிருந்து, நாராயணவனம், பிச்சாட்டூர்ப் பக்கமிருந்தெல்லாம், கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் பெண்கள் வருவார்கள். வந்த நோட்டீஸ் தெலுங்கில் இருக்கும். மடியில் செருகிக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள். மிலிட்டரி ஓட்டல் என்றால் ஆம்பளைகள் இடம். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கல்லாவில் ஒரு பொம்பளை இருப்பதைக் கண்டதும் முகம் மாறும்.

"அக்கா, களி கீதா?"

"கீது, குந்து. மொதல்ல துன்னு. அப்புறம் அந்தக் காயிதத்தக் காட்டு, படிச்சுச் சொல்றேன்."

இவ்வளவுதான் என் உத்தியோகம். யாரும் ஆர்டர் போட்டுக் கொடுத்ததில்லை. ஆனால் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நான் ஒரு மனுஷி என்று எனக்கே தோன்றும்.

ஆந்திராவில் மதுவிலக்கைத் தளர்த்திவிட்ட சமயம் அது. மெட்ராஸ் பக்கம் இன்னும் இருந்தது. வேலூர் பஸ்ஸில் சாயங்காலமானால் ஒரு கூட்டம் வந்து இறங்கும். எதிர்வாடையில் ஒருவர் பார் திறந்தார். கூட்டம் அங்கே போய்விட்டது. எங்கள் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. வீட்டுக்காரர் வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. லைசென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவே மாட்டேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாய்யா?" என்றேன்.

"கேட்டா நீ சண்டை போடுவே."

"இப்ப மட்டும் போடமாட்டேனா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சொல்லத் தயங்குகிற விஷயம் வந்தால் அப்படித்தான் செய்வார். "இன்னொண்ணு கீதுமே. லைசென்ஸ் வந்துட்டா நீ கல்லாவுல குந்தக் கூடாது. குடிச்சுட்டு ஆளுங்க வர எடம். நாலு பேரு நாலு சொல்லுவாங்கோ. ஊட்ல ராணி மாதிரி இரு."

"ராணிக்கு ஊட்ல இன்னா வேலை?"

அவர் வாசலுக்குப் போய்விட்டார். எதிர்வாடைக்காரன் கூட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டான். இவர் என் இடத்தையே எடுத்துக்கொள்கிறாரே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டலின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கல் இருந்தது. ஓட்டல் ஆரம்பித்தபோது பள்ளிப்பட்டுப் பக்கம் இருக்கிற என் தாய்வீட்டு ஊருக்குப் போய், எல்லையம்மன் கோயிலில் பிடிமண் எடுத்துவந்து, அதன்மேல் நான் நட்ட கல். சாமியை வேறிடத்தில் வைக்க எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. மண்ணைக் கொண்டுவந்தவர்கள் கையால்தான் பூசையும். அப்போது எல்லாம் ஒரே ஜில்லா. பிறகு என் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது, அம்மாள் என்னோடு இங்கேயே இருந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவி ஒரு பூ வைப்பேன். மற்ற நாளில் அதன்மேல் கரித்துணிகூடக் காயும். அது சாமி என்று தெரியாதவர்களுக்கு அது வெறும் கல்தான்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் என் வீட்டுக்காரர் லஞ்சத்தை முன்கூட்டியே கொடுக்கிற ஆள், அதுவும் சாமிக்கு. லைசென்ஸ் கிடைத்தால் மொட்டை என்று வேண்டிக்கொள்வதுதான் உலக வழக்கம். இவர் கிடைப்பதற்கு முன்பே திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? பெருமாளுக்குச் செய்துவிட்டு வீட்டு அம்மாளை விட்டால் கோபித்துக்கொள்வாள் என்று, கல்லைச் சுற்றிச் செங்கல் மேடை கட்டினார். சுண்ணாம்பும் செம்மண்ணுமாகப் பட்டை அடித்தார். தென்னங்கீற்றில் பந்தல், மாவிலைத் தோரணம், ஒரு வெண்கல மணி. லைசென்ஸ் ஆபீசர் இடத்தைப் பார்வையிட வருகிற வெள்ளிக்கிழமை அன்றைக்கே பொங்கல் வைத்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பொங்கல் என்றதும் தெருப் பெண்கள் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள்.

ஆபீசர் வந்தார். அளவுச் சங்கிலியோடு ஒரு பியூனும் வந்தான். முன்பக்க ஹாலைப் பார்த்தார், திருப்தி. பின்பக்கம் மணிச்சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றது.

"ஏமண்டி, இது என்ன?" என்றார், பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக.

"வீட்டுச் சாமி" என்று சொல்லியிருந்தால் போயிருக்கும். இவருக்குப் பெருமை பொங்கிவிட்டது. "மகா சக்தியுள்ள அம்மவாரு சார்! கேட்டதெல்லாம் குடுக்கும். தெருவே வந்து கும்புடுது பாருங்கோ."

"எல்லாரும் வருவார்களா?"

"எல்லாரும்தான் சார். யாருக்கும் தடையே இல்ல."

தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? பொதுஜனங்கள் கும்பிடுகிற இடத்திலிருந்து இத்தனை தூரத்துக்குள் மது பரிமாறக் கூடாது என்று ரூல்ஸ். பியூன் சங்கிலியை விரித்தான். மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல், என்ன அளக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல், சந்தன மொட்டையோடு என் வீட்டுக்காரரே பிடித்துக்கொண்டு நின்றார். ரூல்ஸ் சொன்ன தூரத்தில் சங்கிலி பாதிகூட நீளவில்லை.

ஆபீசர் நல்ல மனுஷர். போகும்போது சொன்னார், "அடுத்த மாதம் இன்னொரு தடவை வருவேன். இருந்தால் இருக்கிறது என்று எழுதுவேன். இல்லாவிட்டால் எழுத ஒன்றும் இல்லை."

அன்று மாலை இவர் கடப்பாரையை எடுத்துவந்து மரத்தடியில் வைத்தார். தொடப் பயம். "நீ வெச்ச சாமிமே. நீதான் எடுக்கணும்" என்றார்.

ஆக, என் நாற்காலி என் கையிலேயே வந்து நின்றது. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லைசென்ஸ் இல்லை, பார் இல்லை, நான் கல்லாவிலேயே இருக்கலாம். ஆனால் காலி பெஞ்சுக்கு முன்னால் எத்தனை நாள் கல்லாவில் உட்காருவது? சமையல்கட்டுப் பெண்கள் இருவருக்கும் இந்த அடுப்பை விட்டால் வேறு அடுப்பு கிடையாது. என் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அம்மாளைக் குறுக்கே உட்காரவைப்பதும் நியாயமாகப் படவில்லை. அவளையே கேட்டுவிடலாம் என்று கல்லின் தலையில் இரண்டு பக்கமும் பூ வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வலதுபக்கப் பூ விழுந்தால் சம்மதம். வலதுபக்கப் பூ விழுந்தது. காற்று அடித்தது என்றுதான் இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

மஞ்சள் துணியில் கல்லையும் அடிமண்ணையும் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் வீட்டுக்கு வந்தேன். ஓட்டலில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கு வெளியே அனுப்பப்பட்ட பொம்பளைகள் இரண்டு பேர், அவளும் நானும். வழியெல்லாம் எனக்கு அழுகை. முற்றத்து முருங்கைமரத்தடியில் அவளை நட்டுவிட்டு, நான் அரிசி புடைக்க உட்கார்ந்தேன்.

ஆபீசர் மறுபடி வந்தார், எழுத ஒன்றும் இல்லை, லைசென்ஸ் வந்துவிட்டது. திறக்கிற நாள் காலையில் வீட்டுக்காரர் கையில் ஒரு பாட்டிலோடு வாசல்படி ஏறினார்.

"மொத பாட்டில். அம்மாளுக்குப் படைச்சுட்டுத்தான் கடை தொறக்கணும். நீயே ஊத்துமே."

"அங்கியே நில்லு."

"இன்னாமே?"

"சாமி கீற எடத்துல பாட்டில் வரக் கூடாது. ஆபீசர் அளந்தாரே, நீயும் ஒரு முனையப் புடிச்சிக்கினு நின்னியே, மறந்துட்டியா? போ, தெருமுனையில நின்னு பேசு."

சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பாட்டிலைக் கொண்டுபோய் வெளியே தெருவோரம் வைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் துண்டை உதறுவதும் போடுவதுமாக இருந்தார்.

"நேத்து பிச்சாட்டூர்லேர்ந்து ரெண்டு பொம்பளைங்க வந்தாங்கோ. வாசல்ல நின்னு என்னையே பார்த்தாங்கோ. அக்கா இல்லியான்னாங்கோ. இல்லன்னேன். களி கீது, வாங்கோன்னுகூடச் சொன்னேன். வேணாண்ணா, பஸ்ஸு வந்துடும்னு போய்ட்டாங்கோ. பஸ்ஸு எங்கமே வந்துது? மரத்தடியில பசியோட குந்தினு இருந்தாங்கோ." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் சோறு எறங்கல."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். "பின்னால ரூமு பாட்டிலுக்கு. சாயங்கால பஸ்ஸு வந்தப்புறம்தான் அதத் தொறக்கணும். முன்னால ஹால் சோத்துக்கு. கல்லாவுல நானு. சரின்னா சொல்லு, படைக்கிறேன்."

"நாலு பேரு..." என்று ஆரம்பித்தார். பிறகு அவரே, "சரிமே" என்றார்.

வெளியே போய்ப் பாட்டிலைத் திறந்து, தெருவிலேயே நின்று, முருங்கைமரம் இருக்கிற திசையைப் பார்த்து மண்ணில் கொஞ்சம் ஊற்றினேன். "எட்ட இருந்தே வாங்கிக்கோ, தாயே." வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம்.

அதற்கப்புறம் ரொம்ப வருஷம் அந்த நாற்காலியில் இருந்தேன். பின்னால் ரூமிலிருந்து தள்ளாடி வருகிறவன்கூட என்னைத் தாண்டும்போது வேட்டியைச் சரிசெய்துகொண்டு போவான். பொம்பளைகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், நோட்டீசைக் காட்டினார்கள். அம்மாளை மட்டும் திரும்பக் கொண்டுபோக வழியில்லை, ரூல்ஸ் ரூல்ஸ்தான். இப்போதும் வெள்ளிக்கிழமையானால் மஞ்சள் தடவும்போது அவள் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். "என்னைச் சேத்துக்கினாங்கோ, தாயே" என்பேன். "உனக்குத்தான் இன்னும் லைசென்ஸ் வரல."