குடிபாலா உமாபதி இன்னும் இருக்கிறார்

சித்தூர் கேபிள் சேனலில் ரேகா செய்தி படிக்க வந்து மூன்று மாதம். வீட்டில் தமிழ், கேமரா முன்னால் தெலுங்கு. அதில் அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை. தடுமாறியது சொந்த ஊர் விஷயத்தில்.

அந்தச் சேனலை ஜனம் பார்ப்பதே சாவுச் செய்திக்குத்தான். யார் போனார்கள், பிணம் எடுப்பு எப்போது என்று காலை எட்டு மணிக்குப் படம் போட்டுச் சொல்வார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மாலை வாங்கக் கிளம்புவார்கள். அன்றைக்கு வந்த துண்டுச் சீட்டில் 'குடிபாலா உமாபதி, எடுப்பு நாலு மணி' என்று மட்டும் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் படிக்கவேண்டும். ரேகா போடவில்லை.

"எங்க ஊரு ஆளு சார், எனக்குத் தெரியாதா?" என்றாள் முதலாளியிடம்.

செல்போனில் இருந்த அக்கா கல்யாணப் படத்திலிருந்து உமாபதியின் முகத்தை வெட்டிக் கொடுத்தாள். படித்தும் விட்டாள்.

ஊரில் உமாபதி இரண்டு பேர். ஒரே தாத்தா பெயரை வைத்துக்கொண்ட அண்ணன் தம்பி பிள்ளைகள். செத்தது, பல வருஷமாகப் படுக்கையில் கிடந்த மூத்தவர். அவர் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு இளைய உமாபதி, கையில் நாலு மாலையோடு சேனல் படியேறினார்.

"யம்மா ரேகா, நான் செத்த சேதிய எனக்கே நீதாம்மா சொன்னே! டீ குடிச்சிக்கினு இருந்தேன், கிளாஸ் கீழ வுழுந்துச்சு."

"மாமா..." ரேகா நாற்காலியைவிட்டு எழுந்தாள்.

"என்னை வுடு. மாலையோட வந்தவன்லாம் என்னைப் பாத்து சிரிச்சிக்கினு திரும்பிப் போறான். அங்க எங்கண்ணன் தூக்கறதுக்கு நாலு தோளு இல்லாம கெடக்கறான். சாயங்கால நியூஸ்ல சொல்லி இன்னா புண்ணியம்? இப்பவே சொல்லு."

சேனல் முதலாளி மோகன்ராஜ் குறுக்கே வந்தார். "கீழ ஓடற எழுத்துல போட்டுடலாம். நீயே உக்காந்து தப்புன்னு ஒத்துக்கினா நாளைக்கு எவன் உன்னை நம்புவான்? அப்புறம் உன் எடத்துல கல்பனாதான் செய்தி படிக்கணும், பாத்துக்க."

"படிக்கட்டும் சார். பாட்டை நிறுத்துங்க."

ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டு நின்றது. தலைகூடச் சீவாமல் உட்கார்ந்தாள். தெலுங்கில் சொன்னாள். பிறகு அந்தச் சேனலில் வழக்கமே இல்லாதபடி தமிழிலும் சொன்னாள்.

"காலையில் விசாரிக்காமல் படித்தேன். தப்பு என்னுடையது. இறந்தவர் இவருடைய அண்ணன். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். கிழக்குத் தெருவுக்குப் போங்கள்."

பக்கத்தில் உமாபதி மாலைகளோடு கைகூப்பி நின்றார்.

கிழக்குத் தெருவில் அன்றைக்குத் தோள் மாற்ற ஆள் போட்டி போட்டது.

மறுநாள் கல்பனா படித்தாள். ஒன்பது மணிக்குள் போன் மேல் போன். "அந்தக் குடிபாலா பொண்ணு எங்க? அது சொன்னாத்தான் நாங்க மாலை வாங்குவோம்." மூன்றாம் நாள் மோகன்ராஜே ரேகாவுக்கு வண்டி அனுப்பினார்.

இப்போது அவள் திருப்பதியில், பெரிய சேனலில். யார் சீட்டு கொடுத்தாலும் முதலில் கை போவது போனுக்குத்தான். கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். சங்கராந்திக்குச் சங்கராந்தி அவளுக்கும் ஒரு போன் வரும்.

"யம்மா, உமாபதி பேசறேன். இன்னும் இருக்கறேன். அவசரப்பட்டுப் படிச்சுடாதே."