சிவப்பு மையில் அடித்த வரி

நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள் சார். கல்லூரி வாசலில் கம்பு நட்டு, பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கும்படி கட்டிய பொய். அந்த பேனரில் என் படம் இருக்கிறது. அதற்குக் கீழே, 'எங்கள் வேலைவாய்ப்புப் பிரிவின் ரெஸ்யூம் பயிற்சியால் பணி பெற்ற மாணவி' என்று போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் படம், என் படத்தைவிடப் பெரிதாக.

என் ரெஸ்யூமில் நீங்கள் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். எனக்கு வேலை வாங்கித் தந்த வரியை சிவப்பு மையால் அடித்தீர்கள். நடந்ததை எழுதுகிறேன். தப்பிருந்தால் சொல்லுங்கள்.

பேகம்பூரில் எங்கள் அத்தா கல்யாணங்களுக்கு பிரியாணி ஆக்குகிறவர். கடை கிடையாது. ஆர்டர் வந்தால் பெரிய தேக்சா அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போவார். அடுப்பு முன்னால் நிற்கிற மனுஷனால் போன் பேச முடியாது. பிளஸ் டூ முடித்த லீவில் அந்த போன் என் கைக்கு வந்தது, திரும்பப் போகவே இல்லை. ஆர்டர் பேசுவது, கறிக்கும் அரிசிக்கும் விறகுக்கும் சொல்லி வைப்பது, பரிமாற ஆள் பிடிப்பது, எந்த வண்டி எந்த மண்டபத்துக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்பது, எல்லாம் நான். கல்லூரியில் பாடம் நடக்கும்போது என் பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். வண்டிக்காரர் வழி கேட்பார்.

இதை நான் வேலை என்று நினைத்ததில்லை. எங்கள் ஊரில் யாருமே நினைப்பதில்லை. என் வகுப்பில் தாடிக்கொம்பு பக்கத்துப் பெண் ஒருத்தி, விடியுமுன் பூப் பறித்து, கமிஷன் கடையில் எடை போட்டுக் கொடுத்துவிட்டு, குளித்துக் கிளம்பி முதல் பீரியடுக்கு வந்துவிடுவாள். லீவில் என்ன செய்கிறாய் என்று கேட்டால் 'சும்மா வீட்லதான் இருக்கேன்' என்பாள். அடுத்தவன் கடையில் நின்று சம்பளம் வாங்கினால் வேலை. அப்பனுக்குச் செய்தால் சும்மா இருப்பது. எனக்கு அது அலுத்துவிட்டது. என் பேரில் ஒரு சம்பளம் வேண்டும், கழுத்தில் ஒரு கம்பெனி அட்டை வேண்டும். அதற்குத்தான் கடைசி வருடம் உங்கள் ரெஸ்யூம் வகுப்பில் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

நீங்கள் ஒரு தாளைக் கொடுத்தீர்கள். மேலே, சவாலான சூழலில் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன் என்று ஒரு லட்சியம். நடுவில் மார்க். கீழே அப்பா பேர், மதம், கல்யாணம் ஆனதா ஆகவில்லையா, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கில் பாட்டுக் கேட்பதும் கிரிக்கெட் விளையாடுவதும் ஏற்கெனவே அச்சாகி இருந்தன. பேரையும் மார்க்கையும் மட்டும் மாற்றச் சொன்னீர்கள். நான் ஒரு வரி கூடுதலாக எழுதிக் கொண்டுவந்தேன்: அத்தாவின் கல்யாணச் சமையல் தொழிலில் மூன்று வருடம் ஆர்டர், ஆட்கள், வண்டிகளைக் கவனித்தேன்.

நீங்கள் அதைச் சத்தமாகப் படித்தீர்கள். "சட்டி தூக்குனதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸாம்மா? வீட்ல பாக்குறது வேலையில்ல. ஃப்ரெஷர்னு போடு."

வகுப்பே சிரித்தது. அந்தப் பூக்காரப் பெண்ணும் சிரித்தாள். நீங்கள் கோடு போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது.

ஃப்ரெஷர் என்று போட்டு எடுத்த புதுத் தாளை எத்தனை கம்பெனிக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு போன்கூட வரவில்லை. பிறகு வேலைவாய்ப்பு முகாம் வந்தது. வெயிலில் வரிசையில் நின்று ஒரு மேஜைக்குப் போனேன். கோயம்புத்தூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என் தாளைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த மற்றவர்களின் தாள்கட்டைப் பார்த்தார், சீட்டுக்கட்டு மாதிரி அதை விரித்துக் காட்டினார்.

"ஏம்மா, உங்க காலேஜ்ல ஒரே ஆளுதான் படிச்சாங்களா? பொண்ணுக அத்தன பேரும் கிரிக்கெட் வெளாடுறீங்களே."

நான் மட்டையைத் தொட்டதே இல்லை. அப்படியே சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அப்ப நீ என்னதான் பண்ணியிருக்க என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்றவன் தன் தாளை நீட்டிவிட்டான். அவர் கண் அதற்குப் போய்விட்டது. முடிந்தது. கோபத்தில் கண் எரிந்தது, ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. அந்த மேஜையில் எனக்குக் கிடைத்தது ஒரு பார்வை. அந்த ஒரு பார்வைக்குள் பேச வேண்டியது நான் இல்லை, தாள். என் தாள் ஊமையாக இருந்தது.

நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அங்கே டைப் அடிக்கும் அக்காவிடம் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். அவருக்குச் சந்தேகம்.

"உங்க காலேஜ் பைல் ரெடியாத்தான இருக்கு? பேர மாத்துனா முடிஞ்சுச்சு. போன வருசம் ஒரு பொண்ணுக்கு அப்பா பேர மாத்த மறந்துட்டேன், அவ அப்புடியே குடுத்துட்டு வந்துட்டா."

வெறும் பக்கம் வேண்டும் என்றேன். லட்சியம் போனது. மதம் போனது. கிரிக்கெட் போனது. மேலே என்ன எழுதுவது என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது அத்தா எட்டிப் பார்த்தார். நம்ம தேக்சாவை எதுக்கு கம்பெனிக்காரனிடம் காட்டுகிறாய் என்று முகம் சுளித்தார். அம்மா வெங்காயம் உரித்தபடியே, செஞ்சவ எழுதுறா, உங்களுக்கென்ன என்றார். நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'கல்யாண விருந்துகளை நிர்வகித்தேன்' என்ற இடத்தில் அத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொய் எழுதாத. ஆக்குனது நானு. நீ பாத்தது ஆளும் வண்டியும். அத எழுது, அதுவே அம்புட்டு இருக்கு."

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. மழையில் வண்டி சிக்கிய கல்யாணம், பரிமாறுகிற ஆட்கள் ஒரே நேரத்தில் சண்டை போட்டுக்கொண்டு போன கல்யாணம் என்று அவரே ஞாபகப்படுத்தினார். அம்மா குறுக்கே வந்து திருத்தினார். வீடே எனக்காகச் சாட்சி சொன்ன மாதிரி இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. மூன்று வருடம் சும்மா இருந்ததாக நினைத்தவளுக்கு எழுத ஒரு பக்கம் போதவில்லை. மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று மண்டபத்துக்குச் சாப்பாடு பிரித்து நேரத்துக்கு அனுப்பியது. பந்தி நடக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் கூடுதலாக இரண்டு பஸ்ஸில் வந்து இறங்க, அடுத்த மண்டபத்துச் சாப்பாட்டில் ஒரு பங்கைத் திருப்பி, அங்கே பந்தி தொடங்குமுன் ஈடுகட்டியது. பரிமாறுகிற ஆட்களுக்கு முறை வைத்து மாற்றியது. மார்க்கெல்லாம் கீழே போனது.

நூற்பாலை விடுதிகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஒரு கம்பெனி ஷிப்ட் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தது. நேரத்துக்கு அனுப்பத் தெரிய வேண்டும், ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரிய வேண்டும் என்று விளம்பரத்தில் இருந்தது. அவர்கள் எதை முதலில் கேட்டார்களோ அதற்கான வரியை முதலில் வைத்தேன். ஒரே பக்கம். அனுப்பினேன்.

போன் வந்தபோது நான் கறிக்கடைக்காரரிடம் பேசி முடித்திருந்தேன். அவர்தான் திரும்பக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எலும்பு கம்மியாப் போடுங்க என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் சிரித்தார். இண்டர்வியூவுக்கு வர முடியுமா என்று கேட்டார். நான் மாடிப்படியில் ஓடி ஏறினேன், எதற்கு என்று தெரியாமல் திரும்ப இறங்கினேன். அம்மா அழுதார், வெங்காயம் என்றார்.

இண்டர்வியூவில் இரண்டு பேர் இருந்தார்கள். மார்க்கை யாரும் கேட்கவில்லை. முதல் கேள்வியே, அந்த ரெண்டு பஸ் வந்துச்சே, என்ன பண்ணீங்க என்பதுதான். சொன்னேன். அடுத்த மண்டபத்தில் குறைந்திருந்தால் என்று மடக்கினார்கள். அதையும் சொன்னேன். சமையலும் நீங்களா என்றார் ஒருவர். இல்லை, அது அத்தா, நான் ஆளும் வண்டியும் என்றேன். அத்தா அந்த வார்த்தையைத் திருத்தாமல் விட்டிருந்தால் அந்த இடத்தில் நான் விழுந்திருப்பேன். கிளம்பும்போதே எப்போது சேரலாம் என்று கேட்டுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி பேகம்பூர் வரை நடந்தே வந்தேன். ஆட்டோவில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை.

இப்போது கழுத்தில் அட்டை இருக்கிறது. என் பேரில் சம்பளம் வருகிறது. அதற்குத்தான் நீங்கள் பேனர் கட்டியிருக்கிறீர்கள்.

பேனரைக்கூட விட்டுவிடுவேன் சார். என் தங்கை இப்போது உங்களிடம் கடைசி வருடம் படிக்கிறாள். போன வாரம் அதே தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதே லட்சியம், அதே கிரிக்கெட். நான் வேலைக்குப் போனபிறகு அத்தாவின் போன் அவள் கையில்தான் இருக்கிறது. அவளையும் ஃப்ரெஷர் என்று போடச் சொல்லியிருக்கிறீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நானும் அத்தாவும் வருகிறோம். முதல் வரிசையில் உட்காருவோம். கிழிந்த தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதையும் கொண்டுவருவேன். மைக்கைப் பிடித்து, அன்று வகுப்பில் சிரித்தவர்கள் எங்கே இருந்தாலும் அவர்கள் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: எனக்கு வேலை வாங்கித் தந்த அந்த ஒரு பக்கத்தில் நீங்கள் எழுதிய வரி எது?