மூணாவது வரிசைக்குக் கதவு எங்கன?

காரின் பானட்டைத் தொடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக விடும் குடும்பத்தை நீங்கள் பார்த்ததுண்டா?

மதுரையில் பழைய கார் விற்கும் புரோக்கர் ஒருவர் சமீபத்தில் பார்த்துவிட்டார். அந்தக் குடும்பம் வேறு யாருமில்லை... நாங்கள்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் மகள் கார்த்திகா ஓசூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் விருதுநகருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். என் மனைவி ஈஸ்வரி அதற்காக மாடி அறைக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்கு உத்திரத்தில் கொக்கியும் மாட்டிவிட்டாள். அப்போதுதான் சம்பந்தியம்மாள் போனில் ஒரு குண்டைப் போட்டார்.

"பஸ்ஸு, ரயிலுன்னா நான் அனுப்ப மாட்டேனுங்க. வாடகைக் காரும் வேண்டாம், டிரைவர் எப்படி ஓட்டுவானோ. சொந்தமா நல்ல காரு கொண்டாங்க, கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கலாம்."

ஈஸ்வரி போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அந்தக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

சரி, கார் வாங்குவோம். ஓசூர் இங்கிருந்து நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். குழந்தை பிறந்த பிறகு போக வர என்று நாலுவழிச் சாலையிலேயே வாழ்க்கை ஓடும். நீண்ட தூரத்துக்கு டீசல்தான் நல்லது என்று இணையத்தில் எல்லாரும் சொன்னார்கள். புது வண்டிக்கு நமக்கு வசதி போதாது. ஆகவே, பழைய டீசல் கார்.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். டார்க் என்றால் என்ன, டர்போ என்றால் என்ன, எந்த நிறப் புகை வந்தால் எஞ்சினில் என்ன கோளாறு... பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படித்ததில்லை. முக்கியமான ஒரு சூட்சுமமும் கற்றுக்கொண்டேன். வண்டி பார்க்கப் போனதும் முதலில் பானட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் உஷார். குளிர்ந்த எஞ்சின் லேசில் ஸ்டார்ட் ஆகாது என்பதை மறைக்க, விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிவைத்திருக்கலாம்!

துணைக்கு என் மைத்துனன் காளிராஜை அழைத்துக்கொண்டேன். ஈஸ்வரியின் தம்பி. ஒரு காலத்தில் லோடு வண்டி ஓட்டியவன். இப்போது தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். வண்டியும் தெரியும், எஞ்சினும் தெரியும் என்று நம்பித்தான் கூட்டிப்போனேன். அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது.

மதுரையில் பார்த்தது ஏழு பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. புரோக்கர் பானட்டைத் திறக்கப் போனார்.

"இருங்க, இருங்க!" என்றான் காளி. "மச்சான், செருப்பைக் களத்துங்க. அக்கா, நீயும்தான். போனை எல்லாம் அந்தா அந்த ஸ்டூல்ல வைங்க."

அவன் ஆலையில் அப்படித்தான். மருந்து அறைக்குள் நுழையும் முன் செருப்பு கூடாது, செல்போன் கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மருந்து என்றால் மாத்திரை, டானிக் இல்லை... வெடிமருந்து. அது பழகிப் பழகி, வீட்டில் ஃபிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால்கூடச் சுவரைத் தொடுகிறவன் அவன்.

வெறுங்காலுடன் போய் பயபக்தியாகப் பானட்டில் கை வைத்தான். அதே நேரம் சூடு பார்ப்பதற்காக நானும் கை வைத்தேன். ரெண்டு பேரும் வைத்துவிட்டார்களே, நாம் வைக்காவிட்டால் ஏதாவது குறையாகிவிடுமோ என்று ஈஸ்வரியும் வைத்தாள்.

மூன்று பேர். வெறுங்கால். பானட்டில் கை. மௌனம்.

புரோக்கர் என்ன நினைப்பார்? ரொம்பப் பக்தியான குடும்பம், வண்டி படிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். "ஒரு நிமிசம்ணே!" என்று ஆபீஸுக்குள் ஓடினார். டெலிவரிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழம், கற்பூரத் தட்டு சகிதம் திரும்பினார். காளி அதற்குள் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான். புரோக்கர் அவனுக்குப் பக்கத்தில் நின்று தீக்குச்சியை உரசினார்.

அந்தச் 'சர்ர்' சத்தம் இருக்கிறதே... எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

"ஏலே, தீ...!" என்று அலறினான் காளி.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் கால்கள்தான் பொறுப்பு. நினைவு வந்தபோது நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஈஸ்வரி சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டிருந்தாள், காதைப் பொத்திக்கொண்டு. காளி மட்டும் தனியாக ஓடவில்லை. ஃபோர்மேன் அல்லவா? புரோக்கரை இடுப்போடு தூக்கிக்கொண்டு ஓடிப் போய் வேப்பமரத்தடியில் இறக்கியிருந்தான். அவர் கையில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது.

கீழே விழுந்த கற்பூரம் தரையில் தனியாக எரிந்து தானாக அணைந்தது. கார் தேமே என்று நின்றுகொண்டிருந்தது. டீக்கடைக்காரர் என்னிடம் "ஸ்ட்ராங்கா, லைட்டாண்ணே?" என்றார்.

திரும்பி வந்து காளியிடம் சொன்னேன், நான் படித்த படிப்பை: "மாப்ளே, டீசல்ல தீக்குச்சியைக் கிழிச்சுப் போட்டாலும் சட்டுன்னு பிடிக்காதாம்."

"அது டீசலுக்குத் தெரியும் மச்சான். என் காலுக்குத் தெரியலையே."

கீழே கிடந்த தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தேன். நம்ம ஊர்த் தயாரிப்புதான்.

அதற்குப் பிறகும் அந்த வண்டியை வாங்கியிருக்கலாம். எஞ்சின் அருமை. புகை சுத்தம். ஆனால் காளி உள்ளே ஏறிக் கடைசி வரிசை வரை போய் உட்கார்ந்து பார்த்தான். முகம் கறுத்தது.

"ஏங்க, மூணாவது வரிசைக்குக் கதவு எங்கன?"

"அதுக்குத் தனியாக் கதவு கிடையாதுண்ணே. நடு சீட்டை மடக்கி இறங்கணும்" என்றார் புரோக்கர்.

"மடக்கியா? இங்கன உக்காந்தவன் எங்கிட்டு ஓடுவான்?"

"ஏண்ணே ஓடணும்?"

காளி அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? மருந்து அறைக்கு நாலாபக்கமும் வாசல். கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். குறுக்கே ஒரு பெட்டிகூட இருக்கக் கூடாது. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் ஆகாது. இதெல்லாம் அவனுக்கு ரூல்ஸ் இல்லை, ரத்தம். "ஏழு பேரை ஒரே ரூம்புல அடைக்கிறதாம்ல..." என்று முனகிக்கொண்டே இறங்கிவிட்டான்.

அடுத்து அருப்புக்கோட்டையில் ஒரு வண்டி. ஐந்து பேர் உட்காரும் கார், டீசல், ஒரே ஓனர். மனதுக்குள் தொட்டிலே கட்டிவிட்டேன். சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பினோம். வேகம் கொஞ்சம் கூடியதும் நாலு கதவும் தானாக 'டக்' என்று பூட்டிக்கொண்டன.

காளி பிரேக் அடித்த அடியில் ஈஸ்வரியின் கொண்டை அவிழ்ந்தது.

"உள்ளே ஆளை வச்சுப் பூட்டுதே மச்சான், இதெல்லாம் ஒரு வண்டியா?"

"பாதுகாப்புக்குத்தாங்க அது" என்றார் வண்டிக்காரர்.

"பூட்டுறதா பாதுகாப்பு?"

அந்த வண்டியும் போயிற்று. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஈஸ்வரி பொரிந்து தள்ளினாள். "நீ இப்படிக் கதவையே பாத்துக்கிட்டு இரு. பேரப்பிள்ளை ஓசூர்லயே பொறந்து பள்ளிக்கொடமும் போயிரும்."

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மைலேஜ் பார்க்க மாட்டான், டயர் பார்க்க மாட்டான். கதவு, கதவு, கதவு! நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தேன். அவன் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னான்.

"கதவு தெறந்து இருந்ததாலதான் மச்சான் நான் இருக்கேன்."

எங்களுக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஆலையில் வெடி விபத்து. அவனோடு வேலை பார்த்தவர்களில் ரெண்டு பேர் வீடு திரும்பவில்லை. மறந்துவிடவில்லை நாங்கள்... ஆனால் கார் வாங்கும்போது யார் அதை நினைக்கிறார்கள்? ஈஸ்வரி பின் சீட்டிலிருந்து கை நீட்டி அவன் தோளைத் தொட்டாள். அதன் பிறகு கதவைப் பற்றி அவனிடம் யாரும் எதுவும் பேசவில்லை.

மூன்றாவது வண்டி சிவகாசியில் கிடைத்தது. காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் முதலாளி ஒருவருடையது. வெள்ளை நிற டீசல் கார். ஆர்டர் பிடிக்க ஆந்திரா, கர்நாடகா என்று சுற்றிய வண்டி. ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து எனக்கு மயக்கம் வந்தது. ஆனால் எல்லாமே நெடுஞ்சாலை ஓட்டம். ஊருக்குள் கிளட்சை மிதித்து மிதித்து ஓடிய வண்டியைவிட, ஒரே சீராக ஓடிய வண்டி தெம்பாக இருக்கும் என்று படித்திருந்தேன். பானட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருகியதும் முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆனது.

காளி எங்களை உள்ளே உட்காரவைத்தான். நாலு கதவையும் சாத்தினான். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று கையைத் தட்டினான். "ம்... ஓடுங்க!"

இறங்கி ஓடினோம். திருப்தி இல்லை. மறுபடி உட்கார், மறுபடி ஓடு. பிரஸ் வாசலில் அறுபதைத் தொடப் போகும் நான் ஒரு பக்கம், மூட்டுவலி ஈஸ்வரி இன்னொரு பக்கம். வேறு ஊராக இருந்தால் கூட்டம் கூடியிருக்கும். இது சிவகாசி. முதலாளி திண்டுக்கல் பூட்டுப் போட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கவனித்தார். பிறகு, "மதினி வலது காலை மொதல்ல வெளிய வச்சாகன்னா இன்னும் சுருக்கா எறங்கிரலாம்" என்றார்.

காளிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணாச்சி, ஓடும்போது தானாப் பூட்டிக்கிருமே... அது?"

"அதுவா? வாங்குன அன்னைக்கே செட்டிங்ல எடுக்கச் சொல்லிட்டேன்ல. உள்ளே ஆளை வச்சு எவனாச்சும் பூட்டுவானா?"

இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இத்தனை நாள் பிரிந்திருந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

"நாலு கதவு, நாலு ஆளு. கணக்குச் சரி மச்சான்" என்றான் காளி. அந்தக் கணக்கை நான் அப்போதே உற்றுக் கேட்டிருக்க வேண்டும்.

போன வாரம் ஓசூர் போனோம். நான், ஈஸ்வரி, ஓட்டுவதற்குக் காளி. எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் நான் ஓட்டினால் ஈஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டிக் கவசம் சொல்வாள். டீசல் வண்டி நாலுவழிச் சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. தொப்பூர் மேட்டில்கூட மூச்சு வாங்கவில்லை. படித்ததெல்லாம் வீண் போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. சம்பந்தியம்மாள் காரைப் பார்க்க வாசலுக்கு வந்தார். ஈஸ்வரி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மாள் சுற்றி வந்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சிவப்பு வாளி நிறைய மணல் இருந்தது.

"இது எதுக்குங்க?"

"தீப் பிடிச்சா அணைக்க" என்றான் காளி. கார்த்திகாவிடம் திரும்பி, "தாயி, செருப்பைக் களத்தி எங்கிட்ட குடு. பட்டுச்சேலை வேண்டாம், பருத்திச்சேலை கட்டிட்டு வா. போனை அம்மாகிட்ட குடுத்துரு. ஏறுறதுக்கு முன்னால கதவைத் தொட்டுக்க" என்றான்.

சம்பந்தியம்மாள் கண் கலங்கிவிட்டார். "என் மருமகளை இவ்வளவு பத்திரமா யாரும் பார்த்துக்க மாட்டாங்க. கூட்டிட்டுப் போங்க சம்பந்தி" என்றார். ஈஸ்வரி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள், இந்தத் தடவை சந்தோஷத்தில். எங்களை அனுப்பிவைத்தது டர்போவும் இல்லை, டார்க்கும் இல்லை. ஒரு வாளி மணல்.

எல்லாரும் ஏறினோம். காளி ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி வழக்கம்போல் ஆள் எண்ணினான். தன்னை எண்ணினான், என்னை, ஈஸ்வரியை, கார்த்திகாவை... அவள் வயிற்றைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அஞ்சு."

"என்ன மாப்ளே?"

"நாலு கதவுக்கு அஞ்சு உசிரு ஏத்த மாட்டேன். எறங்குங்க மச்சான்."

"ஏலே, பிள்ளை அவ வயித்துக்குள்ளதானே இருக்கு?"

"எங்கன இருந்தா என்ன? உசிருதானே."

சம்பந்தியம்மாளைப் பார்த்தேன். "தம்பி சொல்றது சரிதானுங்களே" என்றார். மகளைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க வளையல் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். ஈஸ்வரியைப் பார்த்தேன். அவள் அடுத்த ஜன்னல் வழியாக ஓசூரின் அழகை ரசித்துக்கொண்டிருந்தாள். கோடாலிக் காம்பு குலத்துக்கே கேடு!

கார் வாங்குகிறவர்கள் எஞ்சினையா பார்க்கிறார்கள்? அவரவர் பயத்துக்கு அளவெடுத்துத்தான் வாங்குகிறோம். சம்பந்தியம்மாளுக்கு டிரைவர் பயம். எனக்கு ஏமாந்துவிடுவேனோ என்று பயம். ஈஸ்வரிக்குத் தொட்டில் கட்டாமலே போய்விடுமோ என்று பயம். காளிக்குக் கதவு. நாலு பேர் பயமும் ஒரே காரில் அடங்கினால் அதுதான் ஃபேமிலி கார்... என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில், மதுரை பஸ்ஸுக்காக நின்றபோது எனக்கு ஞானம் பிறந்தது.

தர்மபுரி தாண்டி, நல்ல நேரம் பார்த்துப் பின்னால் கிளம்பிய வெள்ளைக் கார் ஒன்று எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனது. பின் ஜன்னலிலிருந்து வளையல் அடுக்கிய ஒரு கை எனக்கு டாட்டா காட்டியது.

ஆர்.சி. புத்தகத்தில் ஓனர் நான்தான்... சீட்டுதான், இன்னும் பிறக்காத ஒருத்தருடையது!