தீவை ஒன்றாகத் தொட்ட படகுகள்

பிரெஞ்சு ராஜாவின் மகள் இசபோ, மலைக்கு அப்பால் ஸ்பானிய அரண்மனையில், பத்தொன்பது வயதில் பிரசவத்தில் இறந்துபோன செய்தி வந்த அன்று, இரு நாட்டுக்கும் எல்லையான பிதாசோவா ஆற்றின் இரு கரைகளிலும் மாதா கோயில் மணி அடித்தார்கள். மீன் விற்கும் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

"பாவம், சண்டையை நிறுத்தறதுக்காகக் கட்டிக்கொடுத்த பிள்ளை. என்னத்தைக் கண்டுச்சு?"

படகுக்காரி கிராசியானாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னத்தைக் கண்டுச்சா? என் படகில ஏறுங்கடி, சொல்றேன்."

கிராசியானாவின் புருஷன் திமிங்கல வேட்டைக்குக் கப்பலேறியவன், திரும்பவில்லை. அவன் விட்டுப்போனது ஒரு படகும், ஆற்றில் ஆட்களை அக்கரை சேர்க்கும் உரிமையும்தான். அந்தப் பக்கத்து ஆண்களெல்லாம் கடலில் கிடந்தார்கள்; ஆற்றில் துடுப்புப் போடுவது பெண்கள் வேலை. எதிர்க்கரைப் படகுக்காரி மரிபெத்ரா. ஒவ்வொரு பேதுரு திருநாளிலும் இருவரும் ஆளுக்கு மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு பந்தயம் விடுவார்கள். தோற்றவள் ஒரு வருஷம் சந்தைப் பக்கம் தலைகாட்டக் கூசுவாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், இளவரசியை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்படைக்கும் நாள் வந்தது. ஆற்று நடுவிலிருந்த தீவில் பந்தல் போட்டிருந்தார்கள். இந்தக் கரையிலிருந்து கிராசியானாவின் படகில் மணப்பெண். அந்தக் கரையிலிருந்து மரிபெத்ராவின் படகில் மாப்பிள்ளையின் பெரியப்பா, தண்ணீரைக் கண்டாலே வெளிறிப்போகும் ஒரு பருத்த பிரபு. பிரெஞ்சுத் தூதர் கிராசியானாவைத் தனியே கூப்பிட்டார்.

"முந்தினா, பொண்ணைத் தள்ளிவிட அவசரப்படறோம்பாங்க. பிந்தினா, அவங்களை அவமானப்படுத்திட்டோம்பாங்க. ரெண்டு படகும் ஒண்ணாத் தீவைத் தொடணும். தவறிச்சுன்னா உன் உரிமையைப் பிடுங்கிடுவேன்."

"சரிங்க ஐயா. இதை மரிபெத்ராகிட்டயும் சொல்லிட்டாங்களா?"

வெள்ளைத் துணி அசைந்தது. இரண்டு படகுகளும் புறப்பட்டன. பதினான்கு வயது இசபோ பட்டு மெத்தையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். பாதி ஆறு கடந்ததும் மெல்லக் கேட்டாள்.

"நாம தீவுக்குப் போகலைன்னா அந்தப் படகு என்ன பண்ணும்?"

"காத்துக்கிட்டு நிக்கும், அம்மணி. சேர்ந்துதானே தொடணும்."

"நாம கடல் பக்கம் போனா?"

"அவங்களும் கூடவே வரணும்."

இசபோவின் கண்கள் விரிந்தன. "நான் கடலைப் பார்த்ததே இல்ல. திருப்புங்க!"

கூடவே படகில் வந்த தூதர் பதறி எழுந்தார். "இளவரசி, கூடாது!"

"தீவில இறங்கினப்புறம் நான் அவங்க வீட்டு மருமக. இறங்கற வரைக்கும் எங்க அப்பா பொண்ணு. இந்தப் படகில யார் சொல்லு எடுபடும்?"

தூதர் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கிராசியானா துடுப்பை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தாள். கடல் வற்றம் தொடங்கி, ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே போவது சுலபம். திரும்பும்போது நீரோட்டம் எதிர்க்கும். நேரமானால் தீவைச் சுற்றிச் சேறு தலைகாட்டும், படகு கரை ஒட்டாது. உரிமை போனால் அவளுக்குச் சோறு இல்லை. முடியாது அம்மணி என்று சொல்லத்தான் நினைத்தாள்.

அப்போது எதிர்ப்படகிலிருந்து மரிபெத்ராவின் குரல் கேட்டது. "என்னடி கிராசி, நடு ஆத்துல நின்னுட்டே? கை வலிக்குதா? போன திருநாள் வலி இன்னுமா தீரல?"

அவ்வளவுதான். கிராசியானா படகைக் கடல் பக்கம் திருப்பினாள்.

"வாடி பார்க்கலாம்! ஆத்து வாய் மணல் திட்டு வரைக்கும்!"

எட்டுத் துடுப்புகள் தண்ணீரைக் கிழித்தன. இசபோவின் முக்காடு பறந்து தூதரின் முகத்தில் அப்பிக்கொண்டது. ஆற்று வாயில் அலை படகைத் தூக்கிப் போட்டதும் அவள் வீறிட்டாள், பயத்தில் அல்ல. கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல்! மெத்தையை உதறிவிட்டுக் கிராசியானாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் துடுப்பைப் பிடித்தாள்.

"இழு தாயி, முதுகால இழு! கையால இழுத்தா எதுக்காகும்?"

திரும்பும்போது நீரோட்டம் எதிர்த்தது. நான்கு இழுப்புக்கு ஒரு முழம் நகர்ந்தார்கள். எதிர்ப்படகில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பிரபு, "விடாதீங்க, விடாதீங்க!" என்று கத்த ஆரம்பித்திருந்தார். தீவு நெருங்கியது. சேறு வெளியே தெரியத் தொடங்கியது. கிராசியானா அரைப் படகு முந்தியிருந்தாள். துடுப்பை நிறுத்தினால் நீரோட்டம் அவளைக் கடலுக்கே இழுத்துப்போகும். நிறுத்தாவிட்டால் முதலில் தொடுவாள். இரண்டிலும் உரிமை போச்சு.

"வடத்தை எடு தாயி! அவங்க பக்கம் வீசு!"

இசபோ எழுந்து நின்று வீசினாள். மரிபெத்ரா எட்டிப் பிடித்து வலித்தாள். இரண்டு படகுகளும் உரசிக்கொண்டு, முனையோடு முனை சேர்ந்து நின்றன. பெண்கள் அவற்றை இறுக்கிக் கட்டினார்கள். வெளிப்பக்கத் துடுப்புகள் மட்டும் வலிக்க, இரண்டும் ஒரே படகாகப் போய்த் தீவின் இறங்கு பலகையில் முட்டின. ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது.

தூதர் பிரபுவைப் பார்த்தார். தொப்பலாக நனைந்திருந்த பிரபு மூச்சு வாங்கினார்.

"ஒண்ணாத்தான் தொட்டுச்சு. நானே சாட்சி. அது கிடக்கட்டும், மணல் திட்டுக்கு யார் முதல்ல வந்தது?"

"நாங்கதான்!" என்றாள் கிராசியானா.

"நாங்கதான்!" என்றாள் மரிபெத்ரா.

தூதர் உரிமையைப் பற்றி மூச்சே விடவில்லை. சடங்கு முடிந்தது. இசபோ எதிர்க்கரைப் படகில் ஏறினாள். அவளுக்கென்று அங்கேயும் ஒரு பட்டு மெத்தை காத்திருந்தது. அதைத் தாண்டிப்போய், மரிபெத்ராவின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து, கொப்புளம் கண்ட கையால் துடுப்பைப் பிடித்தாள்.

"முதுகால, தாயி, முதுகால!" என்று தீவிலிருந்து கத்தினாள் கிராசியானா.